கூரை வரைக்கும் நுரை

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நுரைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியாள் யாராவது கேட்டால் சோப்பு விற்கிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்த மாட்டாள். தீயணைப்புப் பிரிவு, நுரைப் பராமரிப்பு என்று விளக்கப் புறப்பட்டால் கேட்டவர் பாதியிலேயே கொட்டாவி விடுவார்.

அவள் காவல் காத்தது ஒரு கிடங்கை. பெயிண்டில் கலக்கும் தின்னரும் பசையை இளக்கும் கரைப்பான்களும் பீப்பாய் பீப்பாயாக இரும்பு அடுக்குகளில் நிற்கும் கிடங்கு. அந்தச் சரக்குக்கு ஒரு பொறி போதும். அதிலிருந்து எழும் ஆவியே பற்றிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டி அணைக்கலாம் என்றால், தண்ணீரின் மேலேயே ஏறி மிதந்துகொண்டு, அது ஓடுகிற பக்கமெல்லாம் கூடவே போய் எரியும். இப்படிப்பட்ட அடங்காப்பிடாரியை அடக்க வேண்டுமானால் மேலே நுரையைப் போர்த்தி மூச்சை அடைக்க வேண்டும். அதற்காகக் கூரையடியில் அண்டா அண்டாவாக நான்கு இயந்திரங்கள் வாயைத் திறந்துகொண்டு தொங்கின. ஒவ்வொரு வாயிலும் ஒரு வலை. பொத்தானை அழுத்தினால் நுரைத் திரவம் கலந்த தண்ணீர் வலையில் தெறிக்கும், தண்ணீரின் வேகத்திலேயே சுழலும் விசிறி பின்னாலிருந்து ஊதும். குழந்தைகள் சோப்புத் தண்ணீரில் வளையத்தை முக்கி ஊதுவார்களே, அதே சங்கதிதான். ஊதுகிற வாய்தான் பெரிது. கொஞ்ச நேரத்தில் கிடங்கு தரையிலிருந்து கூரை வரைக்கும் வெள்ளையாகிவிடும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் மட்டும் பார்த்திருந்தாள், கனவில். மாதம் ஒரு முறை திரவத்தில் கொஞ்சம் எடுத்துக் கலந்து, தட்டில் நுரை எழுப்பிச் சோதிப்பது அவள் வேலை. நல்ல நுரை அவசரப்படாது, தன்னிடமுள்ள தண்ணீரை மெல்ல மெல்லத்தான் கீழே விடும். கெட்டுப்போனது தொட்டவுடன் அழுதுவிடும். தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. குமிழி ஒன்று உடைந்து பக்கத்துக் குமிழிக்குள் போய்ச் சேரும், அதற்குள் ஜன்னல் தெரியும், ஜன்னலுக்குள் ஆகாயம் தெரியும். அன்றிரவு கனவில் கிடங்கு நிரம்பும், அவள் அதற்குள் மிதப்பாள். பயமே இருக்காது. விழித்தால்தான் கஷ்டம், ஏனென்றால் விழித்தால் வீட்டில் நாத்தனார் இருப்பாள்.

நாத்தனார் என்றால் கண்ணைக் கசக்க வைக்கிற நாத்தனார் இல்லை. முதலில் அவள் தோழி. அதே தொழிற்சாலையில் ஆய்வுக்கூடத்தில் வேலை, பீப்பாய்களிலிருந்து மாதிரி எடுத்துக் கெமிஸ்ட்டிடம் கொடுப்பாள். சாப்பாட்டு வேளையில் பழகி, ஒருநாள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், "எங்க அண்ணனுக்குப் பொண்ணு நானே பாத்துட்டேன், நீங்க யாரும் வாயத் திறக்காதீங்க" என்று அறிவித்தவள். பிறகு அண்ணி என்று உறவு வந்தது. 'நீ' என்று பேசுவது மட்டும் போகவில்லை.

அந்த அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி துணையாக இருந்தார்கள். ஒருத்தி அழுதால் மற்றவள் அழ மாட்டாள், முறை வைத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் பம்ப் ஹவுஸில் வேலை செய்யும் ஃபிட்டர் நுரைக்காரியிடம் வந்து, கையிலிருந்த எண்ணெய்த் துணியை முறுக்கிக்கொண்டே, உனக்கு இஷ்டம் என்றால் நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். பேச்சுக் கம்மியான மனிதர், மனைவியை இழந்தவர். அவள் பல நாள் யோசித்துச் சரி என்றாள். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னாள். அத்தோடு போயிற்று பேச்சு.

பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. நாத்தனார் சுவரிடம் பேசினாள். "யாரோ மோட்டார அணைக்காம போயிருக்காங்க" என்பாள் சுவரைப் பார்த்து. "அணைச்சாச்சு" என்று நுரைக்காரியும் அதே சுவருக்குப் பதில் சொல்வாள். பாவம், அந்தச் சுவருக்கு இருந்த மரியாதை வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. நுரைக்காரிக்கு முதலில் சிரிப்பாக வந்தது, பிறகு கோபம், அதன் பிறகு வெறும் துக்கம். ஃபிட்டரை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். சொல்ல மனம் வரவில்லை. அவரும் வேண்டும், இவளும் வேண்டும். இதில் என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை.

கிடங்குக்குள் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்வாசலில், நுரைப் பொத்தான் இருக்கும் பேனல் அறையை ஒட்டி ஓர் ஆணிப்பலகை இருக்கும். உள்ளே போகும்போது தன் பித்தளை டோக்கனை அதில் மாட்ட வேண்டும், வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். பலகை காலி என்றால் கிடங்கு காலி. நுரையைத் திறக்கும் முன் பலகையைப் பார்க்காமல் கையை நீட்டக் கூடாது. நுரைக்காரி அந்தப் பலகையைச் சாமி படம் மாதிரி நம்பினாள்.

அன்று முற்பகல், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வியர்த்து விறுவிறுத்து முன்வாசல் வழியாக ஓடி வந்தான். ஆய்வுக்கூடத்துப் பக்கத்து வரிசையில் பீப்பாயைத் தூக்கப் போய், வண்டியின் தூக்குக் கம்பி அதன் வயிற்றிலேயே இறங்கிவிட்டது.

"கொட்டுதா, கசியுதா?" என்றாள் நுரைக்காரி.

"கொட்டுது. ரெண்டு பீப்பா."

"வண்டி?"

அவன் கிடங்கைத் திரும்பிப் பார்த்தான். "ஓடிட்டிருக்கு. அணைக்கல."

அவள் கிடங்கின் மின்சாரத்தைத் துண்டித்தாள். வண்டியின் பேட்டரியைத் துண்டிக்க இங்கிருந்து முடியாது. ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து வண்டியின் மோட்டாரை எட்டுவதற்குள் போர்த்தியாக வேண்டும். பலகையைப் பார்த்தாள். ஓட்டுநர் தன் டோக்கனை எடுத்துவிட்டிருந்தான், மற்ற ஆணிகள் எல்லாம் காலி. கண்ணாடி ஜன்னல் வழியாகவும் பார்த்தாள். அடுக்குகளுக்கு நடுவே ஆள் நடமாட்டம் இல்லை. சைரனை அலறவிட்டு, கொஞ்சம் பொறுத்து, பொத்தானை அழுத்தினாள்.

கனவில் வந்தது போலவேதான் இருந்தது. நான்கு வாய்களும் ஒரே நேரத்தில் வெள்ளையை உமிழ்ந்தன. துண்டு துண்டாக விழுந்தது, தரையில் பட்டதும் ஒன்றோடொன்று கூடிக்கொண்டு எழுந்தது. விழுகிற சத்தமே இல்லை. பீப்பாய்களின் கழுத்து மறைந்தது, இரண்டாவது தட்டு மறைந்தது. இத்தனை ஆபத்துக்கு நடுவிலும், எவ்வளவு அழகு என்று ஒரு நிமிஷம் அவள் நின்றுவிட்டாள். அதை நினைத்துப் பிற்பாடு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஆய்வுக்கூடத்துக் கெமிஸ்ட் ஓடி வந்தார். "அவங்க வெளிய வந்தாங்களா? மாதிரி எடுக்கப் போனாங்களே, கடைசி வரிசைக்கு."

"யாரு?"

"உங்க நாத்தனார்தான்."

"அவ டோக்கன் இல்லையே இங்க."

கெமிஸ்ட் தரையைப் பார்த்தார். "அவங்க இந்த வாசலுக்கு வர்றதே இல்லைங்க. ஆய்வுக்கூடத்துப் பக்கம் ஒரு கதவு இருக்கில்ல, சாவி எங்ககிட்ட இருக்கு. அந்த வழியாதான் ரொம்ப நாளாப் போயிட்டு வர்றாங்க. இந்தப் பக்கம் வந்தா உங்க முகத்துல முழிக்கணுமாம்."

நுரைக்காரி கண்ணாடி ஜன்னலுக்குத் திரும்பினாள். ஆய்வுக்கூடத்துக் கதவுக்கு முன்னால்தான் பீப்பாய் கொட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் வர முடியாமல் திரும்பியிருப்பாள். திரும்பியவள் மேல் கூரையிலிருந்து நுரை இறங்கியிருக்கும்.

கை தானாகப் பொத்தானுக்குப் போனது. நிறுத்தினால் நுரை பாதியில் நிற்கும், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, பற்றினால் உள்ளே இருப்பவள் பிழைக்க வழியே இல்லை. நிறுத்தாவிட்டால் மூச்சு முட்டும். நுரைக்குள்ளும் காற்று இருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு குமிழிகளை உடைத்து உடைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம், பதறி வாயைத் திறந்தால்தான் போச்சு. நுரைக்காரி கையை இழுத்துக்கொண்டாள். நுரை ஓடட்டும் என்று விட்டாள். தன் வாழ்க்கையிலேயே இதைப் போல ஒரு கொடுமையைச் செய்ததில்லை என்று நினைத்தாள்.

பம்ப் ஹவுஸிலிருந்து ஃபிட்டர் வந்துவிட்டிருந்தார். அவள் காற்று சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"நான் போறேன்," என்றார்.

"உங்களுக்கு உள்ள வரிசை தெரியாது. தெரிஞ்சாலும் நீங்க கையப் பிடிச்சா அவ வரமாட்டா."

ஃபிட்டர் கயிற்றை எடுத்து அவள் இடுப்பில் கட்டினார். ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் இழு. இருவருக்கும் தெரிந்ததையே இன்னொரு முறை சொன்னார். முடிச்சையும் இன்னொரு முறை பார்த்தார்.

கதவைத் திறந்ததும் நுரை வெளியே சரிந்து அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டது. உள்ளே போனாள்.

முதலில் போனது சத்தம். வெளியே ஆட்கள் கத்துவதும் சைரனும் யாரோ திருகி மூடிய மாதிரி நின்றன. தன் மூச்சு மட்டும் முகமூடிக்குள் வந்து போயிற்று. பிறகு உடம்பு போனது. கையை நீட்டினால் முழங்கைக்கு அப்பால் கை இல்லை. குனிந்தால் கால் இல்லை. கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த தகடு வழியாக வெயில் நுரைக்குள் இறங்கி, எந்தப் பக்கத்திலிருந்தும் வராத வெளிச்சமாக எங்கும் நிறைந்திருந்தது. கண்ணை மூடியிருக்கிறோமா திறந்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்தது. ஒரு முறை மூடிப் பார்த்தாள், பெரிய வித்தியாசம் இல்லை.

நுரைக்குள் போகிறவர்களுக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். கையைச் சுவரிலிருந்தோ அடுக்கிலிருந்தோ எடுக்காதே. எடுத்தால் பக்கம் போய்விடும், திசை போய்விடும், மேல் கீழ்கூடப் போய்விடும் என்பார்கள். இடது கையால் அடுக்கின் இரும்பைத் தடவிக்கொண்டே நடந்தாள். நடந்தாளா, நின்ற இடத்திலேயே நின்றாளா என்பதும் நிச்சயமில்லை. இரண்டு முறை கயிற்றை இழுத்தாள். கயிறு வந்தது. அந்தக் கயிறு மட்டும்தான் இன்னும் உலகத்தில் இருந்தது.

பேசத் தொடங்கினாள். யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததால் நன்றாகவே பேசினாள். "ஏண்டி, என் மேல கோவம்னா என்னத் திட்டு. சோத்துல உப்ப அள்ளிப் போடு. டோக்கன் மாட்டாம உள்ள வருவியா? உனக்கு அறிவிருக்கா?" பிறகு குரல் உடைந்தது. "நான் அவர மறந்துட்டேன்னு நினச்சியா. மறந்தா உன் கூட ஏன் இருக்கேன். உன் மூக்கு அவர் மூக்குடி. தினமும் அதப் பாத்துக்கிட்டுதான இருக்கேன்." முகமூடிக் கண்ணாடி உள்பக்கம் நனைந்தது.

அப்போது அவரைப் பார்த்தாள்.

கொஞ்ச தூரத்தில், வெள்ளைக்குள் வெள்ளையாக, கணவர் போய்க்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்தவர் போல ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வலது தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும், அதே நடை. அவசரமில்லாமல் போனார். திரும்பவில்லை. அவளுக்கு ஆச்சரியமே இல்லை, இவர் இங்கேதான் இருக்கிறாரா, வேறெங்கோ என்று நினைத்தேனே என்றுதான் தோன்றியது. அத்தனை நிம்மதியாக இருந்தது. கால் அந்தப் பக்கம் போயிற்று. இன்னும் இரண்டு அடி வைத்தால் தோளைத் தொட்டுவிடலாம்.

கயிறு இடுப்பில் ஒரு முறை இழுத்தது. நன்றாக இருக்கிறாயா என்று வெளியிலிருந்து கேட்கிறார்கள்.

கையைப் பார்த்தாள். அடுக்கில் இல்லை. எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. பயம் அப்போதுதான், அத்தனை நேரத்துக்கும் சேர்த்து வந்தது. முன்னால் அந்த முதுகு நின்றிருந்தது, அவளுக்காகக் காத்திருப்பது போல. போகாமல் இருப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. அவரைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

"நீங்க போங்க," என்றாள். "நான் வரல. உங்க தங்கச்சி உள்ள இருக்கா. அவள நான் கூட்டிட்டுப் போகணும்."

கயிற்றை ஒரு முறை இழுத்துப் பதில் சொன்னாள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தாள், இரும்பு முதுகில் இடிக்கும் வரைக்கும். திரும்பிப் பார்த்தபோது வெள்ளை மட்டும்தான் இருந்தது.

கடைசி வரிசையில் கால் எதிலோ தட்டிற்று. குனிந்து தடவினாள். கண்ணாடி பாட்டில், இன்னொரு பாட்டில், மாதிரி எடுக்கும் தட்டு. மண்டியிட்டு, இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே கையைவிட்டுத் துழாவினாள். துணி தட்டுப்பட்டது. துணிக்கு அடியில் ஒரு தலை.

நாத்தனார் ஆய்வுக்கூடத்துக் கோட்டைத் தலைவழியே கூடாரம் போல இழுத்து மூடிக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக் குந்தியிருந்தாள். தொட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு கை வெளியே வந்து நுரைக்காரியின் கழுத்துப் பட்டையைப் பிடித்தது. விட்டால் மறுபடி கிடைக்காது என்கிற பிடி. நுரைக்காரி சிலிண்டரில் தொங்கிய இரண்டாவது முகமூடியை எடுத்துக் கோட்டுக்குள்ளேயே கையைவிட்டு அவள் முகத்தில் பொருத்தினாள். காற்று உள்ளே போவதும் மார்பு ஏறி இறங்குவதும் தெரிந்தது. அதன் பிறகுதான் நுரைக்காரிக்கே உயிர் வந்தது.

மூன்று முறை இழுத்தாள்.

வரும்போது பேசவில்லை. ஒரு கை இரும்பில், ஒரு கை நாத்தனாரின் இடுப்பில். முகமூடிக் குழாய் நீளம் போதாததால் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. வெள்ளை மெல்லச் சாம்பலாயிற்று, சாம்பல் கிழிந்து வெயில் அடித்தது. சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது.

கிடங்கு தீப்பிடிக்கவில்லை. வண்டி நுரைக்குள்ளேயே நனைந்து நின்றுபோயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அப்போது அதைப் பற்றி இருவருக்கும் அக்கறை இல்லை. வெளியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தாள். முதலுதவிப் பெண் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸ் வருகிறது, அதுவரை அசையாமல் இருங்கள் என்றாள். சற்றுத் தள்ளி ஃபிட்டர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். இழுத்த இழுப்பில் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது, அதைக் காட்டிக்கொள்ளாமல் சுற்றினார்.

"யாரு அழுத்தினது?" என்றாள் நாத்தனார். பக்கத்தில் சுவர் எதுவும் இல்லை.

"நான்தான். உள்ள யாரும் இல்லன்னு நினச்சேன்."

"ம்."

"தெரிஞ்சதுக்கப்புறமும் நிறுத்தல. நிறுத்தினா எரிஞ்சிருக்கும். நீ உள்ள இருக்கன்னு தெரிஞ்சேதான் ஓடவிட்டேன்."

நாத்தனார் அதை யோசித்தாள். "நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள். "வெளிய நின்னுக்கிட்டு அழுதிருப்பேன். உன்ன மாதிரி உள்ள வந்திருக்க மாட்டேன்."

"வந்திருப்ப."

"வந்திருப்பேன்." மறுபடி இருமினாள். "உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்."

"சரி."

"எங்க அண்ணன் நின்ன இடத்துல இன்னொருத்தர் நிக்கறத என்னால பாக்க முடியாது. செத்தாலும் முடியாது. இப்பதான் உள்ள உக்காந்து பாதி செத்துப் பாத்தேன். அப்பவும் மனசு ஒத்துக்கல."

"சரி," என்றாள் நுரைக்காரி. கேட்க வலித்தது, ஆனால் அவளிடமிருந்து நேராக வந்த வலி. இத்தனை மாதத்தில் இதுவே பெரிய விஷயமாக இருந்தது.

"கல்யாணத்துக்கு மறுநாள் வரேன்," என்றாள் நாத்தனார். "மத்தியானம் சாப்பாட்டுக்கு. ரெண்டு பேரும் வீட்ல இருங்க."

உள்ளே யாருக்கும் கேட்காத இடத்தில் அத்தனை பேச்சுப் பேசிய நுரைக்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

கயிறு சுற்றுவது நின்றிருந்தது. ஃபிட்டர் இவர்கள் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார். "என்ன சமைக்கட்டும்?"

நாத்தனார் அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தையும், பிறகு அந்தக் கைகளையும் பார்த்தாள்.

"எதுவா இருந்தாலும் உப்பு கம்மியாப் போடுங்க," என்றாள். "இவ அதிகமாப் போடுவா, எங்க அண்ணன் ஒரு நாளும் வாயத் திறந்து சொன்னதில்ல."